ஆகஸ்டில் பார்த்த ஊர், ஜனவரியில் எப்படி இருக்கும்?

கேள்வி: எனக்கு 51 வயது, கணவருக்கு 57. வேலையை விட்ட பிறகு ஒன்பது ஆண்டுகளாக எங்களுக்கென்று வீடு கிடையாது. ஜார்ஜியா, துருக்கி, வியட்நாம், மெக்சிகோ என்று ஒவ்வொரு நாட்டிலும் சில மாதங்கள் தங்கி நகர்ந்துகொண்டே இருக்கிறோம். சென்னையில் என் பெயரில் இருக்கும் இரண்டு பிளாட்டின் வாடகையும் அவருடைய டிவிடெண்டும் செலவுக்குப் போதும். இப்போது எனக்குப் பெட்டி கட்டி அலுத்துவிட்டது. இந்த ஆகஸ்டில் போர்ச்சுகலில் ஃபுண்டாவ் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். திருவிழா, பாட்டு, சதுக்கம் நிறைய ஜனம். அங்கே ஒரு கல்வீடு பார்த்தோம். இரண்டு ஹெக்டேர் நிலம், ஆலிவும் செர்ரியும் நிற்கிறது. விலை 62,000 யூரோ. இந்த மாதக் கடைசிக்குள் பத்து சதவீதம் முன்பணம் கட்டச் சொல்கிறார் தரகர். கணவர் சம்மதித்தார், ஆனால் ஆண்டுக்கு ஐந்து மாதம் வழக்கம்போலச் சுற்றுவோம், வீடு ஒரு தளமாக மட்டும் இருக்கட்டும் என்கிறார். எங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். வாங்கலாமா? இத்தனை ஆண்டுக்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியுமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். போர்ச்சுகலில் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். சட்டம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் பின்வாங்கும் வாய்ப்பு அதிகம் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததுமே தோன்றியது. இரண்டு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். ஐந்து ஏக்கரையும், ஐந்து மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது.

முதலில் விசா. வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு முதலீட்டுக்குக் கோல்டன் விசா தருவதைப் போர்ச்சுகல் 2023 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. உங்களைப் போல வாடகை, டிவிடெண்ட் வருமானத்தில் வாழ்பவர்களுக்கு உள்ள வழி டி7 விசா. அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அளவுக்கு, அதாவது 2025 கணக்கில் மாதம் 870 யூரோ, உழைக்காமல் வரும் வருமானம் காட்ட வேண்டும். துணைவருக்கு அதில் பாதி கூடுதல். தங்குமிடத்துக்குச் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தமும் போதும், சொந்த வீடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

விசா கிடைத்துப் போன பிறகு முதலில் இரண்டு ஆண்டுக்குக் குடியிருப்பு அட்டை தருவார்கள். அந்த இரண்டு ஆண்டில் தொடர்ச்சியாக ஆறு மாதம் நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது. விட்டு விட்டுப் போனாலும் மொத்தம் எட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கணவரின் திட்டப்படி ஐந்தும் ஐந்தும் பத்து. இங்கேயே கணக்கு உதைக்கிறது. வேலை போன்ற காரணத்தைக் காட்டி முன்கூட்டியே விலக்குக் கேட்க இடமுண்டு. ஊர் சுற்றுவதற்கு அது கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஆண்டுக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் அவசரத்துக்குச் சென்னை போய்வரவும் கொஞ்சம் மீதி இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த நாட்களை ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஊர் சுற்ற வேண்டும் என்று போர்ச்சுகலில் சட்டம் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. குடும்ப இணைப்பில், அதாவது துணைவர் என்ற முறையில், வருபவரின் அட்டை முக்கிய விண்ணப்பதாரரின் அட்டையைச் சார்ந்து நிற்கும். ஆகவே அதிகம் ஊரில் இருக்கப்போகிறவர் முக்கிய விண்ணப்பதாரராக இருப்பது நல்லது. பிளாட்டுகள் உங்கள் பெயரில் இருக்கின்றன. விண்ணப்பமும் உங்கள் பெயரிலேயே போகட்டும்.

அடுத்து நிலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரகர் சொல்லியிருக்க மாட்டார்.

நடு போர்ச்சுகல் எரியும் பூமி. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் 66 பேர் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் அர்கானில் மலையில் பிடித்த தீ பல நாள் எரிந்து ஃபுண்டாவ் பகுதிக்குள்ளும் பரவியது. இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு: மலைக் கிராமங்களை விட்டு மக்கள் பிரான்சுக்கும் லிஸ்பனுக்கும் போனார்கள். ஆடு மேய்ந்த இடங்களில் புதர் மண்டியது. பைனும் யூகலிப்டஸும் அடர்ந்தன. 2017-க்குப் பிறகு அரசு விதிகளை இறுக்கிப் பிடிக்கிறது. கிராமப்புற வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் புல்லும் புதரும் வெட்டியிருக்க வேண்டும். மரக்கிளை வீட்டிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரத்துக்கு மரம் கிளைகளுக்கிடையே நான்கு மீட்டர், பைனும் யூகலிப்டஸும் என்றால் பத்து மீட்டர். வழக்கமான கெடு ஏப்ரல் 30. ஜி.என்.ஆர் என்ற காவல் படை வந்து பார்க்கும், வெட்டாவிட்டால் அபராதம்.

வீட்டைச் சுற்றி 50 மீட்டர் என்றால் சுமார் இரண்டு ஏக்கர். ஏப்ரல் முதல் வாரத்தில் வெட்டினால், மழை பெய்த ஆண்டில் மே மாதமே முழங்கால் அளவுக்கு மறுபடி நிற்கும். கெடு தாண்டிவிட்டது என்று நெருப்புக் காத்திருக்காது. ஆள் வைத்து வெட்டலாம், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் மாவட்டமே அதே ஆட்களைத்தான் தேடும்.

இப்போது கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஐந்து மாதம்? நவம்பரும் டிசம்பரும் ஆலிவ் பறிக்கும் காலம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூட்டிக் கிடக்கும் கல்வீட்டில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஓடு ஒன்று நகர்ந்தாலும் மார்ச்சில்தான் தெரியவரும். மார்ச், ஏப்ரலில் புதர் வெட்டு. மே, ஜூனில் செர்ரி. ஃபுண்டாவுக்குப் பேரே அதில்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தீ அபாயம், கிணற்றிலும் தண்ணீர் இறங்கும். மிஞ்சுவது அக்டோபர். அந்த மாதம் ஊரை விட்டுப் போக மனம் வராத அளவுக்கு அழகாக இருக்கும், அது வேறு விஷயம்.

ஐந்து ஏக்கர் வீடு கறவை மாடு மாதிரி. ஆளைக் கட்டிப்போடும். அது பிடித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. உங்கள் கடிதத்தில் விவசாயத்தைப் பற்றி ஆசையாக ஒரு வரிகூட இல்லை. மரங்கள் 'நிற்கிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே நான் சொல்வது: கிராமம் வேண்டும் என்றால் கிராமத்துக்குள்ளேயே வாங்குங்கள். தெருவில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய சின்னக் கல்வீடு. பின்னால் கீரையும் இரண்டு எலுமிச்சையும் போடும் அளவுக்கு இடம். அந்தப் பகுதியில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய உண்டு. பக்கத்து வீட்டு ஆள் ஓடு நகர்ந்தால் போன் செய்வார். மூன்று மாதம் பூட்டினாலும் மானம் போகாது. தோட்டத்து வீட்டின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பும் பெருமை இதில் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதையும் இப்போதே வாங்க வேண்டாம். நீங்கள் பார்த்த ஊர் ஆகஸ்ட் ஊர். 1960-களில் இருந்து பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க் என்று பிழைக்கப் போன குடும்பங்கள் ஆகஸ்டில்தான் பிள்ளை குட்டிகளோடு ஊர் திரும்புகின்றன. திருவிழாவை அந்த மாதத்தில் வைப்பதே அவர்களுக்காகத்தான். சதுக்கத்தில் உங்களோடு நின்று பாட்டுக் கேட்டவர்களில் பாதிப் பேராவது செப்டம்பர் முதல் வாரத்தில் காரைக் கிளப்பியிருப்பார்கள். எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். ஜனவரி மாலையில் அந்தச் சதுக்கத்தில் விறகுப் புகை வாசம் இருக்கும், காபிக் கடையில் நான்கு பேர் சீட்டாடுவார்கள், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பழைய கல்வீடுகளில் வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு அபூர்வம். உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்கும் நாட்களும் உண்டு. காய்ந்த விறகு வேண்டுமென்றால் கோடையிலேயே வாங்கி அடுக்கியிருக்க வேண்டும்.

அந்த ஊர்தான் வருடத்தில் பதினோரு மாதம் இருக்கும் ஊர். அது பிடிக்கிறதா என்று பாருங்கள். ஷெங்கன் விசாவில், அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசாவில், 180 நாளுக்கு 90 நாள் தங்கலாம். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 90. ஆகஸ்டில் தங்கிய நாட்கள் அதற்குள் கணக்கிலிருந்து விழுந்துவிடும், இந்த இலையுதிர்காலத்தில் ஷெங்கன் பக்கம் போகாமல் இருந்தால். அந்தக் கிராமத்திலேயே, இல்லாவிட்டால் அடுத்த கிராமத்தில் வாடகைக்கு எடுங்கள். ஃபுண்டாவ் நகரத்தில் எடுத்தால் சோதனை பாதிதான். முன்பதிவு செய்யும்போது நீச்சல் குளம் உண்டா என்று கேட்காதீர்கள். விறகு அடுப்போ, மரத்தூள் கட்டிகளை எரிக்கும் பெல்லட் அடுப்போ உண்டா, எத்தனை அறைக்குச் சூடு வரும் என்று கேளுங்கள்.

அங்கே இருக்கும்போது வீடு பார்ப்பதைவிட வேறு சிலவற்றைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் பஸ் ஓடுகிறதா? கிராமத்து பஸ்கள் பள்ளியை நம்பியே ஓடுபவை. உங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியுமா? ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் மற்றவர் சீக்கிரமே கைதி ஆகிவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு காலமெல்லாம் ஓட்ட முடியாது, அதையும் இப்போதே மனதில் வையுங்கள். அப்புறம் மருத்துவம். அவசரத்துக்கு 112. பெரிய மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் கொவில்யாவில் இருக்கின்றன. ஃபுண்டாவிலிருந்து தூரம் அதிகமில்லை, அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படாமல் போர்ச்சுகலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். 57 வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் இதை லேசாக எடுக்காதீர்கள்.

மொழி உங்களுக்கு முதல் வேலை. முதியவர்களிடம் ஆங்கிலம் செல்லாது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள். உங்கள் இருவரில் யாருக்காவது கொஞ்சம் பிரெஞ்சு வந்தால் சதுக்கத்தில் ஒரு நாற்காலி உறுதி. குடியிருப்பு அட்டை வாங்கியவர்களுக்கு அரசே இலவசப் போர்ச்சுகீசிய வகுப்பு நடத்துகிறது. அதுவரை காத்திருக்காமல் டிசம்பருக்குள் காலை வணக்கமும், வானிலையும், எண்களும் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பிரேசில் உச்சரிப்புப் பாடங்களில் கற்றால் அங்கே போனதும் காதில் ஒன்றும் விழாது. ஐரோப்பிய உச்சரிப்பில் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள்.

"என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்று உங்களுக்குச் சான்றிதழ் தர என்னால் ஆகாது. ஆனால் பல ஆண்டு பயணத்துக்குப் பிறகு வீடு போட்டவர்களோடு வேலை செய்ததில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. முதல் மூன்று மாதம் அலமாரி, திரைச்சீலை, இணைய இணைப்பு என்று ஓடிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். ஒன்பது ஆண்டாக நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி எதைப் பற்றி இருந்திருக்கும்? அடுத்து எங்கே, விசா எப்போது முடிகிறது, எந்த வீட்டை எடுப்பது, எந்த பஸ். அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றுபோகும். சாப்பாட்டு மேசையில் திடீரென்று மௌனம். இது பிணக்கு அல்ல, ஆனால் பிணக்கு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில்தான் விமான டிக்கெட் தளத்தைத் திறப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. பயணத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. அதில் ஒரு சுகம் இருக்கிறது. கிராமத்தில் உங்கள் ஜன்னல் எத்தனை மணிக்குத் திறந்தது என்று தெருவுக்கே தெரியும். வாசலில் யாரோ முட்டைக்கோஸ் வைத்துவிட்டுப் போவார்கள், நீங்கள் என்ன திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். சிலருக்கு இது இதமாக இருக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். நீங்கள் எந்த ரகம் என்று ஒரு ஜனவரி போதும், தெரிந்துவிடும். அந்த மூன்று மாதமும் லிஸ்பன், மாட்ரிட் என்று வார இறுதியில் ஓடாமல் இருந்தால்தான்.

கணவரின் ஐந்து மாதத்தை வேறு மாதிரியும் பார்க்கலாம். அவர் கேட்பது ஐந்து மாதப் பயணமா, அல்லது பயணத்துக்கான கதவு அடைபடவில்லை என்ற உறுதியா? இரண்டாவது என்றால் ஆறு வாரப் பயணம் வருடத்துக்கு இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம், அதில் ஒன்றை அவர் தனியாகவே போய்வரலாம். நீங்கள் சோர்ந்தது பயணத்தினாலா, அல்லது திட்டம் போடும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழுந்ததாலா என்பதையும் அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பின்னது என்றால் கல்வீடு அதற்கு மருந்தாகாது. குழாய்க்காரரையும் புதர் வெட்டுபவரையும் கூப்பிடும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

வரி பற்றிச் சுருக்கமாக. ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் போர்ச்சுகலின் வரிக் குடிமக்கள் ஆவீர்கள்; சென்னை வாடகையையும் அங்கே காட்ட வேண்டும். இரு நாட்டு ஒப்பந்தம் இருப்பதால் இந்தியாவில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர்களுக்கு இருந்த பழைய வரிச்சலுகைத் திட்டம் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. இணையத்தில் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நம்பாதீர்கள். இதைவிட எனக்குக் கவலை உங்கள் கடந்த சில ஆண்டுகள். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமக்களை, 2020-21 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டம் இந்தியாவில் வசிப்பவராகவே கருதுகிறது. நாடு நாடாகச் சுற்றியவர்கள் பலர் தங்களை என்ஆர்ஐ என்றே எழுதி வந்திருப்பார்கள். ஒரு சிஏவிடம் பழைய கணக்கைக் காட்டிச் சரிபாருங்கள். பெரிய தொகையை வெளியே அனுப்பும் முன் இது தெளிவாக வேண்டும்.

கடைசியாக அந்தத் தரகர். அவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: குளிர்காலத்தில் வந்து வீட்டை மறுபடி பார்ப்போம், அதற்குள் ஆவணங்கள் வேண்டும். வீட்டுக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனியாக வரிப் பதிவேட்டு நகலும், சொத்துப் பதிவு அலுவலகச் சான்றும் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு ஹெக்டேர் ஒரே துண்டாக இருப்பது அரிது. ஐந்தாறு துண்டாக இருக்கலாம், ஒவ்வொன்றிலும் நான்கைந்து வாரிசு. அவர்களில் ஒருவர் லக்சம்பர்க்கில் இருந்துகொண்டு கையெழுத்துப் போடவில்லை என்றாலும் விற்பனை நிற்கும். சிறிய விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் ஒட்டிய நிலக்காரருக்கு முன்னுரிமை உண்டு. முறையாகத் தெரிவிக்காமல் விற்றால், விவரம் தெரிந்த ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தொழுவத்தைப் படுக்கையறை ஆக்கியிருந்தால் ஏட்டில் அது இன்னும் தொழுவமாகவே இருக்கும். 2024 முதல் கிரயப் பத்திரத்தின்போது குடியிருப்பு உரிமத்தைக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. அதாவது, அதைச் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது உங்களுடையது. தரகர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம், நீங்களாக ஒருவரைப் பிடியுங்கள்.

வேறொருவர் வாங்க வந்துவிட்டார் என்று தரகர் பதில் போட்டால், வாழ்த்துச் சொல்லி விட்டுவிடுங்கள். ஆவணங்கள் வந்தால் பிப்ரவரிக் கடைசியில் அவற்றை இணைத்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் அந்த ஊரே வேண்டும் என்று தோன்றினால், டி7 விண்ணப்பத்தை எங்கிருந்து, எந்த வரிசையில் போடுவது என்று பார்க்கலாம்.